சுருள் வைத்த கூந்தல்

கல்லூரி மலரில் எழுதப் புகுவோர் தலைக்குள்ளே இருப்பதைப் பற்றி எழுதுதல் முறை. தலைக்கு வெளியே இருப்பதைப் பற்றி எழுதுதல் எம்முறை என்று என் தோழி ஒருத்தி வினவினாள். வினா நியாயமானதே. ஆயினும் இவ்வாண்டு ஆய்வுக்கூடத்தில் யான் கற்ற இரசாயனத்தைக் காட்டிலும் என் தலைமயிரினிடத்திற் கற்ற இரசாயனம் பெரிதாதலின், அதனையே எழுதத் துணிந்தேன். பெர்ம் என்று அழகு நிலையத்தார் வழங்கும் சுருளைத் தலையில் ஏற்றிக்கொண்டவரும், ஏற்றிக்கொள்ள எண்ணியிருப்பவரும் நம் கல்லூரியில் சிலரேனும் உளர். அவர்களுக்கு இதனால் ஒரு சிறு பயன் விளையலாம். மற்றையோர் என் பாட்டியின் கதையாக இதனைப் படிக்கலாம்.

எங்கள் வீடு கொட்டிவாக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் இடையே உள்ளது. திருவான்மியூரைக் கடந்து தெற்கே சென்றால் அடுத்து வரும் ஊர் இதுவே. 2011-ஆம் ஆண்டில் இது சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. தான் மணமகளாய் இங்கு வந்த காலத்தில் சவுக்குத் தோப்பும் மணலும் மீனவர் குப்பமுமே ஊராக இருந்தன என்று பாட்டி கூறுவாள். இப்பொழுது எழுந்து நிற்கும் அடுக்குமாடி வீடுகளை அவள் கண்டிலள். அவற்றின் ஓசையைக் காதால் மட்டும் அறிவாள். கண்ணழுத்த நோய் அவள் பார்வையைச் சிறுகச் சிறுகக் கவர்ந்துகொண்டது. வெளிச்சம் எது, நிழல் எது என்பது மட்டுமே இன்று அவளுக்குப் புலப்படும்.

பார்வை குன்றக் குன்ற வீட்டு வேலைகளும் அவளை விட்டு நீங்கின. முதலில் அரிவாள்மணையை வாங்கி வைத்தோம். பின்னர் அடுப்பண்டை போகலாகாது என்றோம். பின்னர் அரிசியிற் கல் பொறுக்குவதும் நின்றது. அன்பினாற் செய்கிறோம் என்றே எண்ணினோம். எஞ்சியது ஒன்றே: என் தலை. வெள்ளிக்கிழமைதோறும் விடியுமுன் தேங்காயெண்ணெய் தேய்த்துச் சீயக்காய் இட்டு முழுக்காட்டுவதும், நாள்தோறும் காலையில் வாரிப் பின்னுவதும் அவளுடைய அதிகாரமாயிருந்தன. கூடத்தில் யார் நடந்து சென்றாலும் கையை நீட்டுவாள். பின்னல் அகப்பட்டால் யான். அகப்படாவிடின் என் தம்பி.

என்னுடையது கோரைமுடி. எண்ணெய் வைத்துப் படிய வாரினால் பள்ளிக்கூடத்துக் கரும்பலகை போலிருக்கும். சங்கப் புலவர் மகளிர் கூந்தலுக்கு அறலை உவமை கூறுவர் என்று தமிழ் வகுப்பிற் படித்தோம். அறலாவது, ஓடிய நீர் வடிந்தபின் கருமணலில் வரிவரியாய்க் கிடக்கும் நெளிவு. அலை வடிந்த கரையில் அத்தகைய வரிகளை நாள்தோறும் மிதித்து நடந்தவள் யான். அவை என் தலையில் இல்லையே என்று அன்றுதான் வருந்தினேன். புலவர்மீது பழியை ஏற்றுவது எளிது. உண்மைக் காரணம், வைகாசியில் என் சித்தப்பா மகளுக்குத் திருமணம். புகைப்படம் எடுப்பார்கள் என்பதே.

அண்டை வீட்டுச் சிறுவர்க்கு மாலையிற் பாடம் சொல்லிச் சேர்த்த ஐயாயிரம் ரூபாயை எடுத்துக்கொண்டு நகரத்தில் ஓர் அழகு நிலையத்திற்குச் சென்றேன். அம்மாவிடம் சொன்னேன். பாட்டியிடம் சொல்லவில்லை. கண் தெரியாதவளிடம் இதனைச் சொல்வானேன் என்று எண்ணினேன் போலும். இன்று அதனை எழுதக் கை கூசுகிறது.

நான்கு மணி நேரம் ஆயிற்று. மாலையில் வீடு திரும்பிக் கூடத்தில் நுழைந்தபோது பாட்டி வழக்கம்போலக் கையை நீட்டினாள். விரல்கள் சுருளிற் பட்டதும் நின்றன. பின் சட்டென்று கையை இழுத்துக்கொண்டு, அயலாரிடம் பேசும் மரியாதையோடு, "யாரம்மா? எந்த வீட்டுப் பெண்?" என்று கேட்டாள்.

யான் தான் என்று சொன்னேன். அவள் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். அடுத்த வெள்ளிக்கிழமை விடியற்காலையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து அமர்ந்தாள். "எண்ணெய் கூடாதாம், பாட்டி, சீயக்காயும் கூடாதாம், சீப்பும் கூடாதாம்" என்று அழகு நிலையத்தார் தந்த தாளைப் பார்த்து வாசித்தேன். சிறிது நேரம் சும்மா இருந்தாள். "சரி, கிண்ணத்தை எடுத்து வை, யாராவது கால் இடறப் போகிறார்கள்" என்றாள்.

திருமணப் பந்தலில் என் தலை ஒரு வழக்காகவே ஆயிற்று. கூந்தலின் மணம் இயற்கையோ செயற்கையோ என்று செண்பகப் பாண்டியனுக்கு எழுந்த ஐயத்தைத் திருவிளையாடல் வாயிலாக யாவரும் அறிவோம். சுருள் இயற்கையோ செயற்கையோ என்று எங்கள் உறவினர்க்கு எழுந்தது. பெரியப்பா நக்கீரராய் அமர்ந்து செயற்கையே என்று சாதித்தார். நெற்றிக்கண் இல்லாமையால் யான் வாளாவிருந்தேன்.

இனி இச்செயற்கையின் தன்மையைச் சொல்லவேண்டும். மயிரானது கெரட்டின் என்னும் புரதத்தாலாகியது. அப்புரதத்தின் நெடிய சங்கிலிகளை, ஏணியின் இரு கால்களைப் படிகள் பிணைப்பதுபோல, கந்தகப் பாலங்கள் பிணைத்து நிற்கின்றன. மயிர் உறுதியாய் இருப்பதும் தன் வடிவத்தை விடாது நிற்பதும் பெரிதும் அப்பாலங்களால். அழகு நிலையத்தில் முதலில் இடும் திரவம் அம்மோனியம் தயோகிளைகொலேட். அதன் நாற்றத்தை நுகர்ந்தவர் மறவார். அது படிகளிற் பலவற்றை அறுத்துவிடுகிறது. அறுந்த நிலையில், கழியிற் சுற்றப்பட்ட மயிர் கழியின் வளைவுக்கேற்ப நெகிழ்ந்து அமர்கிறது. பின்னர் இடும் ஹைட்ரஜன் பெராக்சைடு, சங்கிலிகள் நகர்ந்து நின்ற புதிய இடங்களிலேயே படிகளை மறுபடியும் பிணைத்துவிடுகிறது. கோரை சுருளாயிற்று. ஆனால் அறுந்தவை யாவும் மீளச் சேர்வதில்லை. மயிரின் புறத்தே மீன் செதில்போல் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் ஏடுகளும் சற்றே எழுந்துவிடுகின்றன; உள்ளிருக்கும் ஈரம் அவ்வழியே எளிதில் வெளியேறுகிறது. ஆகவே, சுருள் வைத்த கூந்தல் அழகு பெற்ற கூந்தல் மட்டுமன்று. காயம் பட்ட கூந்தலும் ஆகும்.

இவ்வளவேனும் நம் காலத்துச் சுகம். ஜெர்மனியிற் பிறந்த கார்ல் நெஸ்லர் என்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் மாநகரில் இதனைச் செய்து காட்டியபோது, பித்தளைக் கழிகளை மின்சாரத்தாற் சூடேற்றி, அவற்றின் பாரம் தலையை இழுக்காதபடி மேலிருந்து தொங்கவிட்டு, மணிக்கணக்காக உட்கார்த்தி வைத்தார். தொடக்கச் சோதனைகளைத் தம் மனைவி காதரீனாவின் தலையிற் செய்து, மயிரையும் தோலையும் சுட்டுவிட்டார் என்பர். அவ்வம்மையாரின் பொறுமையை உலகம் போதிய அளவு பாராட்டவில்லை என்பது என் கருத்து. சூடின்றித் திரவத்தாலேயே சுருட்டும் முறையை 1938-இல் அமெரிக்காவில் ஆர்னால்டு வில்லட் கொணர்ந்தார். என் தலையில் ஏறியது அதன் வழிவந்ததே.

ஆனி பிறந்தது. சுருள் இருந்தது, பொலிவு இல்லை. தொட்டால் தேங்காய் நாரைத் தொட்டது போலிருந்தது. முனைகள் வெடித்தன, தலையணையில் ஒடிந்த துண்டுகள் கிடந்தன. அழகு நிலையத்தாரைக் கேட்டபோது விலையுயர்ந்த புட்டிகள் இரண்டை எடுத்துக் காட்டினர். புட்டிக்குரிய பணம் என்னிடம் இல்லாமையால் காரணத்தை ஆராயப் புகுந்தேன். வறுமையும் சில வேளை விஞ்ஞானத்திற்குத் துணை செய்கிறது.

முதற் காரணம் நீர். எங்கள் ஆழ்குழாய்க் கிணறு கடலுக்கு அணித்தே உள்ளது. அதன் நீர் சற்றே உவர்க்கும். ஒரு புட்டியில் அதனைக் கொணர்ந்து, ஆய்வுக்கூடத்தில் ஈ.டி.டி.ஏ. கொண்டு அதன் கடினத்தன்மையை அளந்தேன். கல்லூரிக் குழாய் நீருக்குச் செலவானதைக் காட்டிலும் ப்யூரெட்டிலிருந்து பன்மடங்கு இறங்கிற்று. கொதிக்கவைத்து அளந்தும் பெரிதாய்க் குறையவில்லை. அந்நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும், காயம் பட்ட மயிரை மிகுதியாகப் பற்றிக்கொண்டு அதனை முரடாக்குவன. இரண்டாவது, பிற்பகலில் வீசும் கடற்காற்று. உப்பைச் சுமந்துவரும் அக்காற்றில் தலைவிரித்து மாடியில் உலவினேன். மூன்றாவதே பெருங்குற்றம்: குளித்தெழுந்தவுடன் ஈரத்தலையில் முள் பிரஷினால் இழுத்து வாரினேன். ஈரமுள்ள மயிர் வலிமை குன்றி ரப்பரைப்போல நீளும், இழுத்தால் அறும். கெரட்டினைப் பற்றித் தேர்வில் இரண்டு பக்கம் எழுதியவள் இதனைச் செய்தேன்.

இதனை எங்கள் பேராசிரியரிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, 2003-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையைப் படிக்கச் சொன்னார். மும்பையைச் சார்ந்த ரேலே, மோஹிலே என்னும் இருவர் எழுதியது. தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் ஆகிய மூன்றையும் மயிரில் இட்டுச் சோதித்து, கழுவும்போது மயிரிலிருந்து புரதம் கரைந்து போவதைக் குறிப்பிடத்தக்க அளவில் தடுப்பது தேங்காயெண்ணெய் ஒன்றே என்று கண்டனர். மருந்திட்டுக் கெட்ட மயிரிலும் அவ்வாறே. தேங்காயெண்ணெயின் மூலக்கூறு நேராயும் சிறிதாயும் இருப்பதால் மயிருக்குள் ஊடுருவுகிறதாம். அவ்விருவரும் தேங்காயெண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சார்ந்தவர் என்பதனையும் பேராசிரியர் மறைக்காமற் சொன்னார். அதனைக் கழித்துப் பார்த்தாலும் சோதனை சோதனைதான்.

அன்று வியாழக்கிழமை. இரவு பாட்டியின் கட்டிலருகே சென்று அமர்ந்து, "பாட்டி, நாளைக்கு எண்ணெய் வைக்கிறாயா? கொஞ்சமாய்" என்றேன்.

"கூடாது என்றார்களே?"

"தலை நாராய்ப் போயிற்று."

கையை நீட்டினாள். ஒரு மாதத்திற்குப்பின் முதன்முறையாக அவள் விரல்கள் என் தலையில் நுழைந்தன. ஓர் இழையை அடிமுதல் நுனிவரை உருவிப் பார்த்து, நுனியிலே வெடிப்பைக் கண்டு, "அடிப் பாவி" என்றாள். அச்சொல்லைக் கேட்டபின் எனக்கு உறக்கம் நன்றாய் வந்தது.

அது முதல் எங்கள் முறை இது. வெள்ளிக்கிழமை கல்லூரி விட்டு வந்ததும், அரைக் கரண்டி எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து நீள மயிரில் மட்டும் பூசுவாள். வேரில் மிகுதியாய் இட்டால் பாரத்தினால் சுருள் தொங்கிப்போகும். ஒரு மணி நேரம் கழித்து மென்மையான ஷாம்பு. திப்பியுள்ள சீயக்காய்த் தூளின் உராய்வு செதில் எழுந்த மயிருக்கு ஆகாது என்றேன், அவள் ஒப்பவில்லை, ஆனாலும் இடவில்லை. பின்னர்க் கண்டிஷனர். அது தலையில் இருக்கும்போதே சிக்கு எடுக்கவேண்டும். நுனியில் தொடங்கிச் சிறிது சிறிதாக மேலே செல்லவேண்டும். அகன்ற பல்லுள்ள சீப்பு போதும் என்பர். விரலே அதனினும் நன்று. இங்கேதான் யான் எதிர்பாராத ஒன்றைக் கண்டேன். கண்ணுள்ள நாம் சிக்கைப் பார்த்துப் பொறுமை இழந்து இழுக்கிறோம். பாட்டி பார்ப்பதில்லை. அவள் விரல்கள் முடிச்சைத் தொட்டதும் நின்று, அது எப்பக்கம் அவிழும் என்று அறிந்தபின்னரே நகரும். அழகு நிலையத்தில் இத்தகைய கை ஒன்றேனும் இல்லை.

கழுவியபின் துவாலையால் தேய்க்கலாகாது. தாத்தாவின் பழைய வேட்டித் துண்டில் சுருளை ஏந்தி அமுக்கினால் நீர் வடியும், சுருள் குலையாது. பின் நிழலில் உலர்த்துதல். சூட்டுக்காற்று இயந்திரம் வேண்டா. இரவில் பருத்தித் தலையணை உராய்கிறது, வழவழப்பான துணி இருந்தால் நன்று என்று யான் சொன்னபோது, தன் பெட்டியிலிருந்து இற்றுப்போன பட்டுப்புடவை ஒன்றைத் தடவி எடுத்து உறை தைக்கச் சொன்னாள். அம்மா தடுத்தாள்; பாட்டி கேட்கவில்லை.

ஐப்பசியில் மழை தொடங்கியது. மழைநீர் சேகரிப்பு 2003-இல் தமிழ்நாட்டிற் கட்டாயமாக்கப்பட்டது முதல் எங்கள் மாடி நீர் குழாய் வழியே தரைக்குள் இறங்குகிறது. முதல் மழையை மாடி கழுவ விட்டுவிட்டு, இரண்டாம் மழைக்குக் குழாயின் வாயில் அண்டாவை வைக்கச் சொன்னாள் பாட்டி. கால்சியமும் மக்னீசியமும் அவள் அறியாள். மழைத் தண்ணீரில் பருப்பு வேகும், தலை மெத்தென்றிருக்கும் என்பது அறிவாள். அந்த அண்டா நீரால் இறுதியாக அலசிய நாள்முதல் நார்த்தன்மை பெரும்பாலும் நீங்கிற்று.

வேரிலிருந்து புதிதாய் முளைப்பது பழைய கோரைதான். இரசாயனம் வேருக்குள் செல்வதில்லை. மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அது வளரும். கண்ணாடியில் எனக்குத் தெரியுமுன் பாட்டியின் விரலுக்குத் தெரிந்தது. உச்சியிலிருந்து விரலை வைத்து அளந்து, கோரை முடிந்து சுருள் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, "ஒரு விரற்கடை வந்துவிட்டாய்" என்பாள். பின்னர் "இரண்டு விரற்கடை வந்துவிட்டாய்". மயிர் வந்தது என்று அவள் சொல்வதில்லை.

மார்கழிக் கடைசி வெள்ளிக்கிழமை நான்கு விரற்கடை ஆயிற்று. அளந்த கையை என் தலையிலேயே வைத்துக்கொண்டு, "மறுபடியும் சுருட்டப் போகிறாயா?" என்று கேட்டாள். இன்னும் எண்ணவில்லை என்றேன். அது உண்மை.

"சுருட்டினால் சுருட்டிக்கொள். முன்னமே என்னிடம் சொல்லிவிடு" என்று கூறி, அடுத்த சிக்கைத் தேடலானாள்.