ரிட்டர்ன் ரிக்கற்றோடு ஒரு நடை

சனிக்கிழமை காலையில் சட்டன் ஸ்ரேசனில், சேறு காய்ந்த சப்பாத்தும் முதுகுப்பையுமாக ஒரு தமிழர் நிற்பதைக் கண்டால் அது அநேகமாக நானாகத்தான் இருக்கும். தெரிந்த ஆட்கள் கண்டால் விடமாட்டார்கள்.

"என்ன அண்ணை, எங்கை வெளிக்கிட்டாச்சு?"

"சும்மா, பொக்ஸ் ஹில் பக்கம் நடக்கப் போறன்."

"நடக்கவோ? ஏன், காருக்கு என்ன நடந்தது?"

அவர்களைக் குறை சொல்ல முடியாது. எங்கட ஆட்களுக்கு நடை என்றால் வேறு ஞாபகம்தான் வரும். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தில் இருந்து வெளிக்கிட்ட சனத்துக்குள் நானும் ஒருவன். கொக்குவிலில் இருந்து நாவற்குழிப் பாலம். மழை. சைக்கிள் காண்டிலில் இரண்டு பை, கரியரில் அம்மம்மா, பின்னால் தள்ளிக்கொண்டு அம்மா. முன்னுக்கு நின்றவரின் முதுகைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. பாலம் கடக்க விடிந்துவிட்டது. அதற்குப் பிறகு கிளாலிக் கடல், வன்னி, கொழும்பு, கடைசியில் லண்டன். அப்படி நடந்தவனை "ஓய்வு நாளில் காட்டுக்குள் நடக்க வா" என்று கூப்பிட்டால் சிரிக்கத்தானே செய்வான்?

நானும் சிரித்தவன்தான். என்னோடு வேலை செய்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர்தான் இந்தப் பழக்கத்தைத் தொற்ற வைத்தவர். பழகிய புதிதில், கார்த்திகை மாத ஞாயிறு ஒன்றில், பெரிய ஆள் மாதிரி நான்கு நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போனேன். மத்தியானம் ஒரு மணிக்கு வெளிக்கிட்டோம். கையில் வரைபடம் இல்லை, ரோர்ச் இல்லை. றோல்ஸ் மட்டும் இருந்தது. நாலரைக்கெல்லாம் மரங்களுக்குள் கும்மிருட்டு. கைபேசியில் சார்ஜும் இல்லை. ஒருவன் பகிடிக்கு, "மச்சான், ஆமி வரப்போறான்" என்றான். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு மணித்தியாலம் தடவித் தடவி றோட்டுக்கு வந்து சேர்ந்தோம். அந்த நால்வரில் மூவர் அதற்குப் பிறகு என்னோடு வரவேயில்லை.

அன்றைக்குத்தான் விளங்கியது, இது போற போக்கில் செய்கிற காரியம் இல்லை என்று. இப்போது எப்படித் திட்டம் போடுகிறேன் என்று சொல்கிறேன். ஆருக்காவது உதவும்.

முதலில் வரைபடம். ஓர்ட்னன்ஸ் சேர்வே என்ற அரச நிறுவனம் 1791இல் இருந்து இந்த நாட்டை அளந்து படம் போடுகிறது. செம்மஞ்சள் அட்டை போட்ட எக்ஸ்புளோரர் வரிசையில் 146ஆம் இலக்கம் எங்கட பக்கத்துக் குன்றுகளுக்கு உரியது. நாலு சென்ரிமீற்றர் ஒரு கிலோமீற்றர். பச்சைப் புள்ளிக்கோடு போகிற இடமெல்லாம் நீங்கள் நடக்கலாம், அது ஒருவருடைய தோட்டத்துக்குள்ளால் போனாலும்கூட. கையடக்கத் தொலைபேசியிலும் இந்தப் படம் உண்டு. ஆனாலும் நான் கடதாசியை விடுவதில்லை. ஊரில் சோதனைச் சாவடியில் பைக்குள் இருந்து வரைபடம் ஒன்று வந்தால் விளக்கம் சொல்லி முடிந்திருக்காது. இங்கே அதைக் கடையில் காசு குடுத்து வாங்கி, ஸ்ரேசன் வாங்கிலில் விரித்து வைத்துப் பார்க்கிறேன். அந்தச் சந்தோசம் எனக்கு இன்னும் குறையவில்லை.

இரண்டாவது, நேரக் கணக்கு. 1892இல் நெயிஸ்மித் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் ஒரு கணக்குச் சொல்லி வைத்தார். ஐந்து கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம், அதோடு ஒவ்வொரு 600 மீற்றர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணித்தியாலம். ஐந்து கிலோமீற்றர் நடந்து 120 மீற்றர் ஏறினால் ஒரு மணி பன்னிரண்டு நிமிசம். பிள்ளைகள், வயதானவர்கள், தேத்தண்ணி, போட்டோ எல்லாம் சேர்த்து நான் அதை இரட்டிப்பாக்குவேன். பிறகு சூரியன் மறையும் நேரத்தில் இருந்து பின்னோக்கி எண்ணுவேன். மார்கழியில் நாலு மணிக்கே சூரியன் போய்விடும், ஆனியில் ஒன்பது மணிக்கும் வெளிச்சம் நிற்கும். இருட்ட ஒரு மணித்தியாலம் இருக்க ஸ்ரேசனில் நிற்க வேண்டும் என்பது என்னுடைய சட்டம்.

ஒருநாள் சும்மா இருக்கேக்கை அந்த 1995 இரவையும் இதே கணக்கில் போட்டுப் பார்த்தேன். கொக்குவில் - நாவற்குழி பத்துக் கிலோமீற்றர்கூட வராது. ஏற்றம் ஒன்றுமில்லை. நெயிஸ்மித்தின் கணக்கில் இரண்டு மணித்தியாலம். எங்களுக்கு ஒரு முழு இரவு. அந்த மனிசன் எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்தார், இதற்கு மட்டும் வைக்கவில்லை.

இனி, எங்கே போகலாம்? சட்டனில் இருந்து எப்சம், லெதர்ஹெட் வழியாகப் போகும் ரெயினில் பொக்ஸ் ஹில் அரை மணித்தியாலத்துக்குள் வந்துவிடும். எல்லா ரெயினும் அந்தச் சின்ன ஸ்ரேசனில் நிற்காது, பார்த்து ஏறுங்கோ. குன்றின் உச்சி 224 மீற்றர். அடிவாரத்தில் மோல் ஆற்றைத் தாண்டக் கல் போட்டிருக்கிறார்கள். முந்தி இருந்த கற்களை இரண்டாம் உலக யுத்தத்தில் எதிரி வந்துவிடுவான் என்று அகற்றிவிட்டு, 1946இல் திரும்பப் போட்டார்கள். பிரதமர் அட்லி வந்து திறந்து வைத்தார். பாலம் உடைவதை மட்டும் பார்த்து வளர்ந்தவனுக்கு, யுத்தம் முடிந்த அடுத்த வருசமே சனம் உலாவப் போகக் கல்லுப் போட்டார்கள் என்பது ஒரு பெரிய செய்தி. ஆறு பெருகினால் கல் மூடுண்டுவிடும். பக்கத்தில் நடைபாலம் உண்டு, வீரம் காட்ட வேண்டாம். சுண்ணாம்புக்கல் மழைக்குச் சவர்க்காரம் மாதிரி வழுக்கும். கோயிலுக்குப் போடுகிற சப்பாத்தோடு வரவேண்டாம்.

லண்டனுக்கு இவ்வளவு கிட்ட இந்தப் பச்சை எப்படி மிஞ்சியது? தானாக மிஞ்சவில்லை. நகரத்தைச் சுற்றிப் பசுமை வளையம் காக்க 1938இல் சட்டம் போட்டார்கள். பாதைகளும் அப்படித்தான். 1932இல் கிண்டர் ஸ்கவுட் என்ற மலையில் தொழிலாளர் வீட்டுப் பெடியள் நூற்றுக்கணக்கில் அத்துமீறி ஏறினார்கள். ஐந்து பேர் மறியலுக்குப் போனார்கள். 1949இல் வந்த சட்டத்துக்குப் பிறகு உள்ளூராட்சிச் சபைகள் பொதுப் பாதைகளைப் படத்தில் குறித்துப் பதிய வேண்டியதாயிற்று. ஆகவே, அந்தப் பச்சைப் புள்ளிக்கோட்டில் நடக்கும்போது விருந்தாளி மாதிரிக் கூச வேண்டாம். நடக்க நடக்கத்தான் பாதை நிற்கும்.

வயதானவர்களோடு என்றால் பொக்ஸ் ஹில் படிகள் வேண்டாம். கிறொய்டனில் மாறி கூல்ஸ்டன் சௌத்தில் இறங்கினால், கொஞ்ச நேர நடையில் ஃபார்திங் டவுன்ஸ் என்ற புல்வெளி. லண்டன் மாநகராட்சி 1883இல் வாங்கிச் சனத்துக்கு விட்ட நிலம். அங்கிருந்து ஹப்பி வலிக்குள் இறங்கி, மரங்களுக்குள்ளால் சால்டன் தேவாலயத்துக்குப் போகலாம்.

2018 புரட்டாதியில் அம்மாவை அங்கேதான் கூட்டிக்கொண்டு போனேன். அவ விசிற்றர் விசாவில் வந்து நின்ற நேரம். அம்மாவின் சீதனக் காணி முகமாலையில். யுத்தம் முடிந்த பிறகும் வருசக்கணக்காக அந்தப் பக்கம் மிதிவெடி எடுத்துக்கொண்டிருந்தார்கள். காணியைப் பார்க்கப் போனால் றோட்டில் நின்று சிவப்புத் தடிகளைப் பார்த்துவிட்டு வருவாவாம்.

புல்வெளியில் மாடுகளைக் கண்டு சந்தோசமாகத்தான் வந்தா. மரங்களுக்குள் நுழைந்ததும் ஒரு திருப்பத்தில் மரத்துக்கு மரம் சிவப்பு வெள்ளை நாடா கட்டி, ஒரு எச்சரிக்கைப் பலகையும் வைத்திருந்தார்கள்.

"மோனை, அசையாதை."

திரும்பிப் பார்த்தேன். ஒரு காலைத் தூக்கினபடி நிற்கிறா.

"அம்மா, அது மரம் தறிக்கினம். நோய் வந்த மரமாம். விழுமெண்டு கட்டியிருக்கினம்."

"வடிவா வாசிச்சனியோ?"

"ஓம் அம்மா."

"ஆர் கடைசியா உதாலை போனது?"

நான் என்ன சொல்வது? நாடாவுக்கு வெளியாலே பாதை திறந்துதான் இருந்தது. நான் முன்னுக்குப் போனேன். கொஞ்சத் தூரம் போய்ப் பார்த்தால், ஈர மண்ணில் என்னுடைய சப்பாத்து அடி பதிந்த இடத்தில் மட்டும் கால் வைத்து வந்துகொண்டிருந்தா. நான் எட்டு வைப்பதைச் சின்னதாக்கினேன். தேவாலயம் மட்டும் இரண்டு பேரும் ஒன்றும் கதைக்கவில்லை.

அங்கே 1200ஆம் ஆண்டளவில் கீறிய பெரிய சுவரோவியம் ஒன்று இருக்கிறது. நடுவிலே ஏணி, மேலே சொர்க்கம், கீழே பாவிகளை அண்டாவில் போட்டு அவிக்கிற பேய்கள். அம்மா நல்லாய் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னா: "உது எங்கட யமலோகமெல்லோ! உவையளுக்கும் உண்டோ?" அப்போதுதான் முகம் தெளிந்தது.

திரும்பி வரேக்கை ஃபார்திங் டவுன்ஸில் பற்றை நிறையக் கறுப்பாய்ப் பழுத்த பிளக்பெரி. இடியப்பப் பெட்டியைக் கழுவிக்கொண்டு நான் நிமிர்ந்தால் அம்மாவைக் காணவில்லை. பாதையை விட்டு இருபது யார் தள்ளி, புல்லுக்குள் தனியே நின்று சீலைத் தலைப்பில் பழம் புடுங்கிக்கொண்டிருந்தா. நான் கூப்பிடவில்லை.

ரெயினில் இருந்தபடி ரிக்கற்றை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"போகேக்கையே வாறதுக்கும் சேத்தோ எடுத்தனி?"

"ஓம் அம்மா. அப்பிடித்தான் எடுக்கிறது."

"அண்டைக்கு வெளிக்கிடேக்கை நாங்களும் ரெண்டு நாளிலை திரும்பலாமெண்டுதான் வீட்டைப் பூட்டினாங்கள்" என்றா. பிறகு யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தா. சட்டனுக்குக் கிட்ட வரத்தான் கேட்டா, "வாற சனியும் உங்கை போகலாமோ?" என்று.

போனோம். அந்த முறை அவதான் முன்னுக்கு நடந்தா.