ஜன்னலை மூடிய ரயில்

ஹெல்ஸிங்கியிலிருந்து மேற்கே டுர்க்கு நகருக்குப் போகும் ரயிலில் ஏறினால், ஒரு மணி நேரத்திற்குள் கிர்க்கோனும்மி என்ற சிற்றூர் வருகிறது. பைன் மரங்கள், வெள்ளைப் பட்டை பிர்ச் மரங்கள், வழுவழுவென்ற பாறைகள், நடுநடுவே எட்டிப் பார்க்கும் கடல்! கண்ணுக்கு விருந்துதான். ஆனால் 1947 முதல் சுமார் ஒன்பது வருஷ காலம் இந்த விருந்து யாருக்கும் கிடைக்கவில்லை. எல்லை வந்ததும் ரயில் நிற்கும். ஜன்னல்களை வெளியிலிருந்து அடைத்து விடுவார்கள். ருஷ்ய எஞ்சின் ஒன்றை மாட்டுவார்கள். பட்டப்பகலில் இருட்டுக்குள் உட்கார்ந்தபடி, பிரயாணிகள் தங்கள் சொந்த நாட்டைக் கடந்து போவார்கள். "உலகத்திலேயே நீளமான சுரங்கப் பாதை" என்று பின்லாந்துக்காரர்கள் இதற்குப் பெயர் சூட்டினார்களாம். குளிர் நாட்டு மனிதர்கள் சிரிக்க மாட்டார்கள் என்று யார் சொன்னது?

சங்கதி இதுதான். யுத்தத்தில் தோற்ற பின்லாந்து 1944 செப்டம்பர் 19-ந் தேதி மாஸ்கோவில் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி, போர்க்கலா தீபகற்பத்தை ருஷ்யாவுக்கு 50 வருஷக் குத்தகைக்கு விட்டது. அங்கிருந்தவர்களுக்குக் கொடுத்த அவகாசம் பத்தே நாள். ஆடு மாடுகளை ஓட்டிக்கொண்டு, வீட்டைப் பூட்டாமலே கிளம்பியவர்களும் இருந்திருப்பார்கள். பூட்டி என்ன பிரயோஜனம்? போர்க்கலாவில் நிறுத்திய பீரங்கிக்குத் தலைநகர் எட்டும் தூரம். 1956-ல் ருஷ்யா குத்தகையை முன்னதாகவே முடித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட்டது.

ஹெல்ஸிங்கியின் கடைவீதிச் சதுக்கத்தில் மீனும் காட்டுப் பழங்களும் விற்கும் கூடாரங்களுக்கு நடுவே ஒரு கல் தூண் நிற்கிறது. உச்சியில் இரட்டைத் தலைக் கழுகு. ருஷ்யச் சக்கரவர்த்தினியின் விஜயத்தை முன்னிட்டு 1835-ல் நாட்டியது. 1917 புரட்சியில் ருஷ்ய மாலுமிகளே அந்தக் கழுகைப் பிடுங்கி எறிந்தார்கள். 1971-ல் பின்லாந்துக்காரர்கள் அதை மறுபடி ஏற்றி வைத்தார்கள். அறுநூறு வருஷத்துக்கு மேல் ஸ்வீடன், 1809 முதல் ருஷ்யா என்று மாறி மாறி ஆண்ட தேசம் அல்லவா? பழைய எஜமானர்களின் சின்னங்களை உடைப்பதில் அவர்களுக்கு அவ்வளவு அவசரம் இல்லை.

யுத்தத்துக்குப் பின் பாஸிகிவி ஜனாதிபதியானார். பூகோளத்தை யாராலும் மாற்ற முடியாது என்பது அந்தக் கிழவரின் கட்சி. அமெரிக்கா 1947-ல் மார்ஷல் திட்டப் பணத்தை நீட்டியபோது, பின்லாந்து வேண்டாம் என்றது. பணம் தேவைப்படாமல் அல்ல. ருஷ்யாவின் முகம் கோணுமே என்றுதான். யுத்த நஷ்ட ஈட்டைக் கப்பலாகவும் இயந்திரமாகவும் செய்து கொடுத்து, 1952-ல் கடனைத் தீர்த்தார்கள். ஒலிம்பிக் பந்தயம் ஹெல்ஸிங்கியில் நடந்ததும் அதே வருஷம்.

அடுத்து வந்தவர் கெக்கோனென். அவர் வசித்த டாம்மினியெமி மாளிகை இப்போது காட்சிசாலை. அங்கே உள்ள 'சௌனா' என்னும் வெந்நீராவிக் குளியலறையை அவசியம் பார்க்க வேண்டும். 1960-ல் குருஷ்சேவ் இங்கே விடிய விடிய உட்கார்ந்து வியர்வை சிந்தினார். மேற்கு ஐரோப்பிய நாடுகளின் வர்த்தகக் கூட்டில் பின்லாந்து சேர அதன் பிறகு வழி பிறந்தது. நம் ஊரில் எண்ணெய் தேய்த்துக் குளித்தால் சளி பிடிக்கும். அங்கே வியாபாரம் படிகிறது!

ஆனால் விலை இல்லாமல் இல்லை. 1961 அக்டோபர் 30-ந் தேதி, ராணுவ ஆலோசனைக்கு வரும்படி மாஸ்கோவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கெக்கோனென் அப்போது ஹவாய்த் தீவில் இருந்தார். பிறகு ஸைபீரியாவுக்கே போய் குருஷ்சேவைப் பார்த்தார். அவரை எதிர்த்துத் தேர்தலில் நின்ற ஹோங்கா விலகிக்கொண்டார். கடிதமே கெக்கோனெனுக்கு உதவத்தான் வந்தது என்று சந்தேகிப்பவர்கள் இன்றும் உண்டு. 1973-ல் தேர்தலே இல்லாமல், தனிச் சட்டத்தின் மூலம் அவர் பதவி நாலு வருஷம் நீண்டது. சோல்ஷெனிட்ஸினின் கைதி முகாம் நூலின் பின்னிஷ் மொழிபெயர்ப்பு முதலில் ஸ்வீடனில்தான் அச்சாக வேண்டியிருந்தது. யாரும் தடை விதிக்கவில்லை. தாங்களாகவே வாயைப் பொத்திக்கொண்டார்கள். இதுதான் என் மனதை மிகவும் உறுத்துகிறது. ஆனாலும், போலந்தையும் ஹங்கேரியையும் போலாகாமல், பார்லிமெண்டும் பல கட்சிகளும் பிழைத்திருந்தன என்பதை மேற்கே சௌகரியமாக உட்கார்ந்து கேலி செய்தவர்கள் மறந்துவிட்டார்கள்.

2022-ல் ருஷ்யா உக்ரைன் மீது படையெடுத்ததும், பின்லாந்தின் பழைய கணக்கு மாறியது. 2023 ஏப்ரல் 4-ந் தேதி நேட்டோவில் சேர்ந்தது. 1,340 கிலோமீட்டர் எல்லையோ இடம் மாறவில்லை. ஹெல்ஸிங்கிக்கும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கும் இடையே மூன்றரை மணி நேரத்தில் பறந்த 'அல்லெக்ரோ' ரயில், 2022 மார்ச்சில் நின்றுவிட்டது. தண்டவாளங்களின் அகலம் மட்டும் ஜார் காலத்து ருஷ்ய அளவு. நேட்டோ நாடுகளின் ரயில் வண்டிகள் பெரும்பாலும் அவற்றில் ஓடா.