தாய்க்குக் கட்டில் உண்டு, பிள்ளைக்கு?

பிரசவ வார்டில் தாயையும் சேயையும் பிரிக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1991 முதல் சொல்லி வருகின்றன. அதே தாய் ஐந்து மாதம் கழித்து பித்தப்பைக் கல்லுக்கோ டெங்குவுக்கோ குரோம்பேட்டையில் அட்மிட் ஆனால், குழந்தைக்கு அந்த உரிமை இருப்பதாக யாரும் நினைப்பதில்லை. பிள்ளை கூடுவாஞ்சேரியில் பாட்டியிடம் புட்டிக்குப் பழகும். இங்கே தாய்க்குப் பால் கட்டி, மார்பு கல்லாகி, காய்ச்சலும் வரலாம். அதற்கும் தனியாக ஒரு மாத்திரை எழுதுவார்கள்!

தொற்று வந்துவிடாதா என்பது நியாயமான கேள்வி. இருப்பதிலேயே கடினமான உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது: 1928-இல் டாக்டர் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய தாம்பரம் சானடோரியம். காசநோய் தாய்ப்பாலில் பரவுவதில்லை, இருமலில்தான் பரவுகிறது. தாய்க்குச் சிகிச்சையும் மாஸ்க்கும், குழந்தைக்குத் தடுப்பு மருந்தும் கொடுத்துப் பாலூட்டலைத் தொடரலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. கொரோனா காலத்திலும் அது பிரிக்கச் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் இருமுவாரே என்றால், உண்மைதான். பொது வார்டில் குழந்தையைப் படுக்க வைக்கச் சொல்லவில்லை. ஒதுக்கமாக ஓர் அறை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டு ஆள் ஒருவர், இவ்வளவுதான் தேவை. மயக்க மருந்து கொடுத்தாலும், தாய் நன்றாக விழித்தபின் பெரும்பாலும் பால் கொடுக்கலாம். கீமோ போன்றவை விதிவிலக்கு. அதை டாக்டர் சொல்லட்டும், வாசலில் நிற்கும் செக்யூரிட்டி அல்ல. 2015-இல் தமிழக பஸ் நிலையங்களுக்கே பாலூட்டும் அறை வந்துவிட்டது; ஆஸ்பத்திரி வார்டுக்கு வரக் கூடாதா?