எரிமலைக்குத் தப்பிய கொடி, ஹோட்டலுக்குத் தப்புமா? சான்டோரினியின் திராட்சைக் கதை!

2025 பிப்ரவரி. கிரேக்க நாட்டின் சான்டோரினித் தீவு விடாமல் குலுங்கிக்கொண்டிருந்தது. பள்ளிகளை மூடிவிட்டார்கள். 10,000-க்கும் மேற்பட்டவர்கள் பெட்டி படுக்கையோடு கப்பலிலும் விமானத்திலும் கிளம்பினார்கள். வெள்ளைச் சுவரும் நீலக் குவிமாடமுமாக நாம் இன்ஸ்டாகிராமில் ரசித்த தெருக்கள் வெறிச்சோடின.

அங்கே திராட்சைக்குக் கவாத்து செய்யும் பருவமும் அதுதான். மனிதர்கள் கிளம்பலாம். கொடி எங்கே போகும்?

நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் தாங்கிப் பழகிய கொடி அது. பெயர், அசிர்டிகோ. உலகம் முழுக்கப் பேர் வாங்கிய சான்டோரினியின் 'ட்ரை' வெள்ளை வொயின் இதிலிருந்துதான் வருகிறது. 'ட்ரை' என்றால், பழத்தின் சர்க்கரை நொதித்துத் தீர்ந்து, இனிப்பே தெரியாத வொயின் என்று அர்த்தம்.

சாம்பல் கொடுத்த வரம்

சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன்பு இங்கே வெடித்த எரிமலை, தீவின் நடுப்பகுதியைக் கடலுக்குள் அமிழ்த்திவிட்டது. மிச்ச நிலத்தைச் சாம்பலும் நுரைக்கல்லும் மூடின. இன்றைக்கும் விவசாயம் அதன் மேல்தான். களிமண் இல்லை, ஆறு இல்லை, கோடையில் மழையும் அரிது.

பிறகு எப்படி விளைகிறது? இரவில் கடலிலிருந்து வரும் ஈரப்பனியை நுரைக்கல் பஞ்சுபோல உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. கோடையில் வேருக்குக் கிடைக்கும் தண்ணீர் பெரும்பாலும் அதுதான்.

இந்த ஏழை மண் இன்னோர் உதவியும் செய்தது. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'ஃபிலாக்ஸெரா' என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களைச் சூறையாடியது. மற்ற ஊர்க்காரர்கள் அமெரிக்கத் திராட்சையின் வேரில் ஒட்டுக்கட்டித் தப்பித்தார்கள். சாம்பல் மண்ணில் அந்தப் பூச்சியால் பிழைக்க முடியவில்லை. அதனால் இங்கே கொடிகள் இன்றும் சொந்த வேரில் நிற்கின்றன.

மண்ணில் பொட்டாசியமும் குறைவு. ஆகஸ்ட் வெயிலில் நன்றாகப் பழுத்த பிறகும் பழத்தின் புளிப்பு போவதில்லை. எலுமிச்சையை நினைவூட்டும் அந்தப் புளிப்பும், லேசான உப்புக்கரிப்பும்தான் இந்த வொயினின் அடையாளம்.

கொடியே கூடை

பந்தல் போட்டால் தீவின் பேய்க்காற்று பிய்த்துக்கொண்டு போய்விடும். அதனால் விவசாயி தரையோடு குனிந்து, கொடியை வட்டமாக வளைத்துக் கூடைபோலப் பின்னுகிறார். 'கூலூரா' என்பது இதன் பெயர். குலைகள் கூட்டுக்குள் இருக்கும் முட்டைகளைப்போல, வெயிலும் மணல்காற்றும் நேராகப் படாமல் உள்ளே தொங்கும்.

ஒவ்வொரு குளிர்காலத்திலும் புதுக்கிளையைப் பழைய கூடையின் மேல் பின்னுவார்கள். பல பத்தாண்டுகள் கழித்து விளைச்சல் குறைந்ததும் கூடையை வெட்டி எடுத்துவிடுவார்கள். அதே வேரிலிருந்து மறுபடியும் துளிர்விடும். இன்று பேரன் பின்னும் கூடைக்குக் கீழே இருப்பது, அவருடைய தாத்தாவுக்கும் தாத்தா பார்த்த வேராக இருக்கலாம்.

இப்போது என்ன ஆபத்து?

1956 நிலநடுக்கத்தில் 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் ஊரைவிட்டே போனார்கள். கொடிகள் தாக்குப்பிடித்தன. 2025-ல் கிளம்பியவர்களும் நடுக்கம் அடங்கியதும் திரும்பிவந்தார்கள்.

ஆனால், சத்தமில்லாத ஆபத்து ஒன்று இருக்கிறது. சுமார் 76 சதுர கிலோமீட்டர் தீவுக்கு ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். திராட்சை விளையும் அதே நிலம், ஹோட்டல் கட்டக் கொடுத்தால் பெரும்பணம். பிள்ளைகளுக்கும் குனிந்து பின்னுவதைவிட சுற்றுலா வேலை சுலபம். போதாததற்கு, சமீப ஆண்டுகளின் வறட்சி விளைச்சலைக் குறைத்துவிட்டது. தோட்டங்கள் சுருங்கிவருகின்றன.

'நிலத்தைக் கொடுத்துவிடலாமே' என்று மகன் கேட்டால், அப்பாவிடம் கணக்குப்படி பதில் இல்லை. அவரிடம் இருப்பது கைப்பழக்கம்தான். எந்தக் கிளை வளையும், எது ஒடியும் என்று தொட்டதும் சொல்லிவிடும் கை அது. கொடியை வேறு இடத்தில்கூட நட்டுவிடலாம். அந்தக் கையை எந்தக் கடையில் வாங்குவது?

மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு.