தடம் யாரிடம் இருக்கும்?

மிதிவண்டியில் பொருத்துவதற்கு எளிய ஜிபிஎஸ் கருவி எதை வாங்கலாம் என்று களப்பணிக்குச் செல்லும் மாணவர்கள் சிலர் கேட்டிருந்தனர். மட்டாஞ்சேரியின் பழைய வணிகத் தெருக்களையும் அவற்றைச் சுற்றியுள்ள குடியிருப்புகளையும் ஆய்வு செய்துவரும் நான், களத்துக்கு மிதிவண்டியில்தான் செல்கிறேன். ஆகவே இவ்வூரை முன்வைத்தே விடை சொல்கிறேன்.

கைப்பேசியே போதாதா என்பது முதல் கேள்வி. குறுகிய பயணத்திற்குப் போதும். ஆனால் களத்தில் நேர்காணலைப் பதிவு செய்வதும் ஒளிப்படம் எடுப்பதும் அதே கைப்பேசிதான். நாள் முழுதும் தடத்தையும் அதிலேயே பதிந்தால், மாலை நேர்காணலுக்குச் சார்ஜ் மிஞ்சுவது ஐயம். தவிர, ஜூன் தொடங்கிப் பெய்யும் மழையில் கைப்பேசியை வெளியே மாட்டிக்கொண்டு செல்வதும் எளிதன்று. ஐபிஎக்ஸ்7 தரம் பெற்ற கருவி ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் தாங்கும் எனச் சோதிக்கப்பட்டது. இம்மழைக்கு அது போதும்.

அடுத்தது துல்லியம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றுள் குறைந்தது நான்கின் சமிக்ஞைகள் வந்துசேரும் நேரத்தைக் கொண்டே நம் இருப்பிடம் கணிக்கப்படுகிறது. பஜார் சாலையிலிருந்து பிரியும் சந்துகளில் இருபுறமும் பண்டகசாலைச் சுவர்கள். சமிக்ஞை சுவரில் பட்டுத் திரும்பி வரும்போது அதன் வழி நீள்கிறது. கணித்த இடம் பிறழ்கிறது. பதிவு இடைவெளியும் முக்கியம். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் நொடிக்கு நான்கு மீட்டருக்குச் சற்று மேல் கடக்கிறார். ஐந்து நொடிக்கு ஒருமுறை பதியும் கருவி, 20 மீட்டரை ஒரே நேர்க்கோடாக்கிவிடும். அதற்குள் சந்து திரும்பியிருக்கும். எனவே நொடிதோறும் பதியும் வசதி உண்டா என்று பாருங்கள்.

தொலைவு துல்லியமாக வேண்டுமெனில், சக்கரத்தில் பொருத்தும் உணரியை ஏற்கும் கருவியே நல்லது. சக்கரத்தின் சுற்றளவைச் சுழற்சிகளின் எண்ணிக்கையால் பெருக்கும் இம்முறை புதிதன்று. வார்டு, கான்னர் என்னும் இராணுவ அதிகாரிகள் 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூர், கொச்சி அரசுகளை நில அளவை செய்தனர். சாலைத் தொலைவை அளக்கக் கைப்பிடியுள்ள சக்கரத்தை உருட்டிச் செல்வது அக்கால இந்திய நில அளவையில் வழக்கம். எத்தனை உயர்ந்த சுவரும் சக்கரத்தின் கணக்கைக் குலைப்பதில்லை.

உயரத்தைக் கணிக்கும் காற்றழுத்தமானிக்கு இங்கே பணம் செலவிட வேண்டாம். தோப்பும்படிப் பாலத்தின் ஏற்றம்தான் இவ்வூரின் மலை. மூணாறில் களப்பணி செய்வோர் வேறுவிதமாக முடிவெடுக்கலாம்.

இவையெல்லாம் கருவியின் விவரக்குறிப்பைப் படித்தாலே தெரிபவை. எளிதில் தெரியாத ஒன்று உண்டு: பதிந்த தடம் எங்கே போய்ச் சேர்கிறது? சில கருவிகள், கம்பிவழி கணினியில் இணைத்ததும் பென் டிரைவ் போலத் திறந்து கோப்பைத் தருகின்றன. வேறு சில, நிறுவனத்தின் செயலி வழியாக மட்டுமே தருகின்றன. 2017 நவம்பரில் ஸ்ட்ராவா வெளியிட்ட உலக வரைபடத்தில், பயனர் பெயர்கள் இல்லாதபோதும், இராணுவ முகாம்களின் உட்பாதைகள் ஒளிர்ந்தன. 2018 ஜனவரியில் அதைச் சுட்டிக்காட்டியவர் ஓர் ஆஸ்திரேலிய மாணவர்.

நம் தடத்தில் முகாம்கள் இல்லை, வீடுகள் இருக்கின்றன. தகவல் தந்தவரின் பெயரை ஆய்வேட்டில் மாற்றிவிடுகிறோம். ஆனால் அவர் வாசலில் நாற்பது நிமிடம் நின்ற புள்ளி, நாளும் நேரமுமாகக் கோப்பில் இருக்கிறது. பயணத்தின் தொடக்கத்தையும் முடிவையும் மறைக்கும் வசதி இத்தகைய செயலிகளில் உண்டு. அது ஓட்டுபவரின் வீட்டைக் காக்கும். இடையில் நின்ற வீட்டைக் காக்காது. கூலியையும் கடனையும் பற்றி நம்மை நம்பிப் பேசிய ஒருவரை அந்தப் புள்ளி காட்டிக்கொடுத்துவிடக்கூடும்.

ஆகவே என் பரிந்துரை இது: நொடிதோறும் பதிவு, மழைத் தாங்கல், சக்கர உணரி, கம்பிவழிக் கோப்பு. இந்நான்கும் இருந்தால் திரை சிறிதாயினும் வாங்குங்கள். கோப்பை உங்கள் வன்தட்டில் வைத்துக்கொள்ளுங்கள்; பகிருமுன் நின்ற இடங்களை நீக்குங்கள்.

ஒலிப்பதிவுக்கு ஒப்புதல் கேட்கும் நம் படிவங்களில் இருப்பிடப் பதிவுக்கு ஒரு வரி உண்டா? உங்கள் துறையில் எப்படி என்று எழுதுங்கள்.