துணை நடிகை

பட்டியல் எழுதுவதே கிராணியின் தொழில். செக்ரோல் முதல் தீபாவளி முன்பணம் வரை எங்கள் காரியாலயத்தில் எல்லாம் பட்டியல்தான். ஆகையால் ஒரு நடிகை பெற்ற விருதுகளைப் பார்த்துச் சொல்லும்படி ஓர் அம்மையார் கேட்டபோது, அதனை ஐந்து நிமிஷ வேலை என்றே கருதினேன்.

அவ்வம்மையார் ஜோகூரில், குளுவாங் வட்டாரத்திலுள்ள எங்கள் தோட்டத்தில் நெடுங்காலம் பால்மரம் வெட்டியவர். மரங்கள் அழிக்கப்பட்டுச் செம்பனை வந்தபின் வெளிக்காட்டு வேலைக்கு மாறியவர். நான் அவரைச் சின்னம்மா என்றே அழைப்பது வழக்கம். ஒரு ஞாயிறு மாலை அவர் வீட்டுத் தொலைக்காட்சியில், 1968-இல் வெளிவந்த 'தில்லானா மோகனாம்பாள்' ஓடிக்கொண்டிருந்தது. ஜில் ஜில் ரமாமணியாக மனோரமா தோன்றியதும் அடுப்பங்கரையில் இருந்தவர்கள்கூட வந்து அமர்ந்துவிட்டனர்.

"தம்பி, ஆச்சிக்கு இந்த வேஷத்துக்கு டில்லியிலே என்ன பரிசு குடுத்தாங்க? இங்கிலீஷ் படிச்ச பிள்ளைதானே, பாத்துச் சொல்லேன்" என்றார் சின்னம்மா.

எனக்குச் சிறிது வெட்கமாயிற்று. காதரின் ஹெப்பர்ன் என்னும் அமெரிக்க நடிகை சிறந்த நடிகைக்குரிய ஆஸ்கார் பரிசை நான்கு முறை பெற்றார் என்பதை ஆங்கிலப் பள்ளியில் பயின்ற நாளிலேயே மனப்பாடமாய் அறிந்திருந்தேன். நம் ஆச்சியைப் பற்றிக் கேட்டால் பதில் இல்லை. தேடிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. கிடைத்த விடையோ விசித்திரமானது. அவருக்கு அன்று அப்பரிசு கிடைக்கவில்லை என்பதல்ல. அவருக்குக் கொடுப்பதற்கு அப்படி ஒரு பரிசே அன்று டில்லியில் இல்லை!

இந்திய அரசாங்கத்தின் திரைப்பட விருதுகள் 1954-இல் தொடங்கின. சிறந்த நடிகைக்கென்று ஒரு விருது 1967-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் ஏற்பட்டது. முதலில் அதைப் பெற்றவர் நர்கீஸ். சிறந்த துணை நடிகைக்கென்று ஒன்று ஏற்பட 1984-ஆம் ஆண்டுப் படங்கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மனோரமாவோ கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை'யின் மூலம் 1958-லேயே திரைக்கு வந்துவிட்டார். எனவே, அவருடைய இருபத்தாறு ஆண்டு உழைப்பு அந்த ஏட்டில் எழுத இடமில்லாத உழைப்பு. பார்த்திபன் இயக்கிய 'புதிய பாதை' படத்துக்காக, 1989-ஆம் ஆண்டுக்குரிய துணை நடிகை விருது அவருக்கு வந்தது. அப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. பத்மஸ்ரீ 2002-இல் வந்தது. 2015 அக்டோபர் 10-ஆம் தேதி காலமானார்.

துணை என்பது தமிழில் அருமையான சொல். ஆனால் சினிமாத் தொழிலில் கூட்டத்தில் ஒருவராய் நிற்போருக்கும் துணை நடிகர் என்றே பெயர். மன்னார்குடியில் பிறந்து, பள்ளத்தூரில் வளர்ந்து, தாயாரைப் போலவே பிறர் வீட்டு வேலை செய்து, படிப்பைச் சிறு வயதிலேயே இழந்தவர் அவர்; அண்ணாவுடனும் கலைஞருடனும் நாடக மேடையில் நின்றவர். 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகியாகவும் நடித்தார். ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களில் முகம் காட்டினார். அத்தகையவருக்கும் கூட்டத்தில் நிற்பவருக்கும் ஒரே பெயரா என்று எனக்குத் தோன்றிற்று. சிரிப்பூட்டும் பெண்ணைக் கதாநாயகிக்கு ஒரு படி கீழே வைக்கும் புத்தி நம்மிடம் இன்றும் போகவில்லை.

அமெரிக்காவிலும் இவ்விஷயம் மேலானதாக இருக்கவில்லை. அங்கே துணை நடிகைப் பரிசு 1936-ஆம் ஆண்டுப் படங்களுக்கு ஏற்பட்டது. ஆனால் பல ஆண்டுகள் அவர்களுக்குப் பொற்சிலை கிடையாது, ஒரு தகடு மட்டுமே. 1940 பிப்ரவரியில் அத்தகட்டைப் பெற்றவர் ஹாட்டி மக்டானியல் என்னும் கறுப்பின அம்மையார். அவரும் வீட்டு வேலை செய்தவரே. படத்தில் ஏற்றதும் வேலைக்காரி வேஷமே. ஆஸ்கார் பெற்ற முதல் கறுப்பினத்தவரான அவரை, விழா மண்டபத்தில் தம் குழுவினருடன் சேர்த்து அமர்த்தாமல், ஒதுக்கி ஒரு தனி மேசையில் அமர்த்தினார்கள். 1943-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் துணை நடிகர்களுக்கும் முழுச் சிலை தந்தார்கள்.

இவற்றில் பாதியைச் சின்னம்மாவிடம் சொன்னேன். மக்டானியல் கதையைக் கேட்டு, "தனி மேசையா?" என்று ஒருமுறை கேட்டார். பிறகு ஆச்சியிடமே திரும்பிவிட்டார்.

"அப்ப, அந்த இருபத்தாறு வருஷம் கணக்கிலே வராதா தம்பி?"

அவர் ஆச்சியைப் பற்றித்தான் கேட்டார் என்று இன்றும் நம்ப விரும்புகிறேன். ஏனெனில், அதற்கு முந்தின வாரம், இருபத்தைந்து ஆண்டு சேவைக்குப் பரிசு பெறுவோர் பட்டியலை எழுதியவன் நான். தோட்டத்துச் செக்ரோலில் இடைவிடாமல் பெயர் இருக்க வேண்டும் என்பது விதி. பிள்ளைப்பேற்றுக்காக இருமுறை நின்றதும், சில ஆண்டுகள் அதே நிரையில் குத்தகைக்காரரின் ஆளாய் நின்றதும் சின்னம்மாவின் கணக்கைத் துண்டாக்கிவிட்டன. விதியைப் பார்த்தேன், அவர் பெயரை எழுதவில்லை. அன்று எனக்கு அது ஒரு பெரிய காரியமாகவே படவில்லை.

திங்கட்கிழமை சாமான் அறையைத் திறந்து, குத்தகைக்காரரின் பழைய கணக்குப் புத்தகங்களைத் தேடி எடுத்தேன். கரையான் தின்றது போக மிஞ்சியவற்றில் ஒரு பெயரும் இல்லை. நாள்தோறும் ஒரே வரி: "பெண் ஆள் 7".

அன்று மாலை அந்தப் புத்தகத்துடன் சின்னம்மா வீட்டுக்குப் போனேன். அந்த ஏழு பேர் யார் யார் என்று கேட்டேன். விரலை மடக்கிச் சொல்லத் தொடங்கினார். நான் எழுதிக்கொண்டேன். தம் பெயரைக் கடைசியில்தான் சொன்னார். அவர்களுள் இருவர் இறந்துவிட்டார்கள். ஒருவர் சிகாமட்டில் மகன் வீட்டில் இருக்கிறாராம். அந்தக் காகிதத்தைப் பட்டியலோடு இணைத்து, இம்மாத முடிவில் துரையின் மேசையில் வைக்க வேண்டும்.