வழக்காடுவது பாவமா?

மாலைச் செபமாலை முடிந்தபின் அரை மணி நேரம் செய்தி கேட்பது எங்கள் இல்லத்து வழக்கம். 2025 தவக்காலத்தில் ஒருநாள் தொலைக்காட்சிப் பெட்டியை இயக்கினோம். செய்தி வாசிப்பவரின் குரல் கேட்டது, உருவம் வரவில்லை. பழுது பார்க்க வந்த இளைஞர் கைவிளக்கின் ஒளியைத் திரையின்மீது சாய்வாகப் பாய்ச்சினார். அவ்வொளியில் உருவங்கள் நிழல்போல் அசைவதைக் கண்டோம். “படம் இருக்கிறது, பின்னால் இருக்கும் விளக்குத்தான் அணைந்துவிட்டது” என்றார்.

அவர் விளக்கியபோதுதான் எங்களுக்குப் புரிந்தது. எல்.இ.டி. தொலைக்காட்சியின் திரை தானாக ஒளிர்வதில்லை. அதன் பின்புறத்தில் பட்டை பட்டையாகப் பொருத்தப்பட்டுள்ள சிறு விளக்குகளே அதற்கு வெளிச்சம் தருகின்றன. கிறிஸ்துமஸ் குடிலில் தொங்கவிடும் சீரியல் விளக்கில் ஒன்று கெட்டால் வரிசை முழுவதும் அணைந்துபோகிறதல்லவா? இதுவும் அத்தகையதே. விளக்குகளுக்கு அளவுக்கு மீறிய மின்னோட்டம் கொடுத்தாலோ, சூடு வெளியேற வழியில்லாமற் போனாலோ அவற்றின் ஆயுள் குறைந்துவிடும்.

2023 கிறிஸ்துமஸ் தள்ளுபடியில் ரூ.14,500 கொடுத்து அப்பெட்டியை வாங்கியிருந்தோம். ஓராண்டு உத்தரவாதம் முடிந்து மூன்று மாதங்களே ஆகியிருந்தன. நிறுவனத்தின் சேவை மையத்தில், திரைப் பகுதி முழுவதையும் மாற்ற வேண்டும், ரூ.9,000 ஆகும் என்றார்கள். எங்கள் போதாத காலம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டோம்.

அந்த வார அன்பியக் கூட்டத்தில் பேச்சுவாக்கில் இதைச் சொன்னோம். உடனே இன்னொரு குடும்பத்தார், “எங்கள் வீட்டிலும் குரல் மட்டுந்தான் வருகிறது” என்றனர். விசாரித்துப் பார்த்ததில் எங்கள் பங்கில் மட்டும் ஏழு வீடுகளில் இதே நிலை. அதே நிறுவனம், அதே மாதிரி, அதே தள்ளுபடிக் காலம், பதின்மூன்றாம் மாதத்திற்கும் பதினேழாம் மாதத்திற்கும் இடையில் வந்த அதே பழுது. ஏழாவது வீடு, தையல் வேலை செய்து பிள்ளைகளைப் படிக்க வைக்கும் விதவைச் சகோதரியின் வீடு. பன்னிரண்டு மாதத் தவணையையும் கட்டி முடித்த இரண்டாம் மாதமே அவருடைய திரை இருண்டுபோயிற்று.

சகோதரன் பிழை செய்தால் முதலில் தனியே சென்று எடுத்துரைக்க வேண்டும். செவிகொடாவிட்டால் ஓரிருவரை உடன் அழைத்துச் செல்ல வேண்டும். அதன்பிறகே சபையிடம் சொல்ல வேண்டும் என்று ஆண்டவர் மத்தேயு நற்செய்தி 18-ஆம் அதிகாரத்தில் வழி காட்டியுள்ளார். அவ்வழியிலேயே சென்றோம். முதலில் அவரவர் தனித்தனியே கடைக்குச் சென்று கேட்டனர். பின்னர் மூவராகச் சென்று சேவை மையத்தாரைக் கண்டோம். தேசிய நுகர்வோர் உதவி எண்ணாகிய 1915-இலும் முறையிட்டோம். நிறுவனத்திற்குப் பதிவுத் தபாலில் கடிதமும் எழுதினோம். ‘உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது’ என்ற ஒரே விடைதான் எல்லா வழியிலும் திரும்பி வந்தது.

அப்போதுதான் எழுவரும் சேர்ந்து வழக்குத் தொடுக்கலாமா என்ற எண்ணம் எழுந்தது. வழக்கறிஞரான பங்கு மக்களில் ஒருவர் சட்டத்தை எடுத்துரைத்தார். இந்தியாவில் முதல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986 டிசம்பர் 24 அன்று, கிறிஸ்து பிறப்பு விழாவின் முந்தைய நாள், குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அந்நாளையே தேசிய நுகர்வோர் தினமாகக் கொண்டாடுகிறோம். அதற்குப் பதிலாக வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே முறையிடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமலும் வாதாடலாம். ஆனால், குறை தோன்றிய இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும்.

ஒரே குறையால் பாதிக்கப்பட்ட எண்ணற்ற நுகர்வோர் அனைவருக்காகவும், ஆணையத்தின் அனுமதியோடு, ஒருவரோ சிலரோ வழக்காட இச்சட்டத்தின் 35-ஆம் பிரிவு இடமளிக்கிறது. எல்லாருக்காகவும் பேசாமல் ஒருசிலர் தங்களுக்காக மட்டும் கூட்டாக முறையிடுவதும் செல்லும் என்று 2021 டிசம்பரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. எங்களுக்கு இந்த இரண்டாவது வழியே ஏற்றதாகத் தோன்றியது. தேவையானால் பெட்டியை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பிச் சோதிக்கவும் ஆணையத்திற்கு அதிகாரம் உண்டு. ஒரு பெட்டி கெட்டால் தற்செயல் எனலாம்; ஏழும் ஒரே வகையில் கெட்டால் அவ்வாறு சொல்லித் தப்புவது எளிதன்று.

சட்டம் தெளிவாக இருந்தது. எங்கள் மனம் தெளிவாக இல்லை. அன்பியத்தின் மூத்தவர் ஒருவர், “அங்கியைக் கேட்பவனுக்கு மேலாடையையும் கொடுக்கச் சொன்னவரின் பிள்ளைகள் நாம். நமக்கேன் நீதிமன்ற வாசல்?” என்று வருந்திக் கேட்டார். கொரிந்து நகரக் கிறிஸ்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் வழக்காடியதைப் பவுலடியார் கடிந்துகொண்டதையும் நினைவூட்டினார். தையற்காரச் சகோதரியோ, “எனக்கு எதற்குத் தம்பி கோர்ட்டு? போனது போகட்டும்” என்று ஒதுங்கினார். தள்ளுபடியில் எங்களுக்கு விற்ற கடைக்காரர், பங்குத் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் விளக்கு அலங்காரம் உபயம் செய்பவர். அவரையும் எதிர்த்தரப்பில் சேர்க்க நேரிடும் என்பது எங்களை உறுத்தியது.

இத்தகைய குழப்பத்தில் இருந்தபோது நிறுவனத்திலிருந்து எங்கள் வீட்டிற்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. “உங்களுக்கு மட்டும் சிறப்புச் சலுகையாகத் திரையை இலவசமாக மாற்றித் தருகிறோம். மற்றவர்களிடம் சொல்ல வேண்டாம்” என்றார்கள். கடிதம் எழுதத் தெரிந்தவர்கள் நாங்கள்தான் என்பதை அறிந்துகொண்டார்கள் போலும்! உண்மையை மறைப்பானேன்? அன்றிரவு எங்களுக்குள் மகிழ்ச்சியே உண்டாயிற்று. ரூ.9,000 மிச்சம், அலைச்சலும் இல்லை. மறுநாள் காலையில்தான் தையற்காரச் சகோதரியின் முகம் கண்முன் வந்து நின்றது. அவருக்கு அத்தகைய அழைப்பு வரவில்லை, வரப்போவதும் இல்லை.

பங்குத் தந்தையிடம் சென்று எல்லாவற்றையும் சொன்னோம். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, “உங்கள் மேலாடையை நீங்கள் விட்டுக்கொடுக்கலாம். அது புண்ணியம். அடுத்தவரின் மேலாடையை விட்டுக்கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டா?” என்று கேட்டார். கொரிந்தியரைக் கடிந்துகொண்ட பவுலடியாரே, தமக்கு நீதி மறுக்கப்படும் என்று கண்டபோது பெஸ்துவின் முன் நின்று சீசரிடம் முறையிட்டதை எடுத்துக்காட்டினார். 1992-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் வெளியிட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, சரிவரச் செய்யாத வேலையையும் ஏழாம் கட்டளைக்கு எதிரான குற்றங்களுள் வைத்துள்ளது என்பதையும் அவரே சொன்னார். விடாது முறையிட்ட விதவையை ஆண்டவர் கலகக்காரி என்று பழிக்கவில்லை. செபத்திற்கே எடுத்துக்காட்டாக நிறுத்தினார்.

வீடு திரும்பியதும் நிறுவனத்திற்குத் தொலைபேசியில் பேசினோம். ஏழு வீட்டாருக்கும் கொடுப்பதானால் மகிழ்ச்சியோடு பெற்றுக்கொள்வோம். எங்களுக்கு மட்டும் வேண்டாம் என்றோம். மறுமுனையில் பதில் இல்லை.

நாங்களும் ஒரு சோதனையைக் கடக்க வேண்டியிருந்தது. எட்டாவதாக ஒரு குடும்பம் எங்களோடு சேர முன்வந்தது. அவர்களுடைய பெட்டி இடி மின்னலின்போது கெட்டுப்போனது. எண்ணிக்கை கூடினால் வலிமை கூடும் என்று எங்களில் சிலருக்கு ஆசை. ஆயினும் நீதியைத் தேடிச் செல்பவர்கள் பொய்யை உடன் அழைத்துச் செல்லலாகாது. அக்குடும்பத் தலைவரிடம் பணிவாகச் சொன்னோம். அவரும் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார். நட்ட ஈட்டுத் தொகையிலும் அவ்வாறே முடிவு செய்தோம்: பெட்டியைச் சீராக்கித் தருக, அல்லது விலையைத் திருப்பித் தருக, அதற்குமேல் உண்மையான செலவு மட்டும்.

கடைக்காரரையும் முன்னதாகவே நேரில் கண்டு பேசினோம். முதலில் முகம் சுளித்தார். பின்பு, “செய்தவனைக் கேளுங்கள், என்னிடம் உள்ள விற்பனைக் கணக்கைத் தருகிறேன்” என்றார். இவ்வாண்டுத் திருவிழாவிலும் அவருடைய விளக்குகளே ஒளிர்ந்தன.

ஒரு ஞாயிறு திருப்பலிக்குப்பின் பங்கு மன்றத்தில் மனுவில் கையெழுத்திட்டோம். மூத்தவரும் வந்திருந்தார், எல்லாருடைய ரசீதுகளையும் வரிசைப்படுத்தித் தந்தவர் அவரே. தையற்காரச் சகோதரி, தவணை கட்டிய பன்னிரண்டு சீட்டுகளையும் ஒரு துணிப்பையில் பத்திரமாகக் கொண்டுவந்தார். “நான் ஒருத்தியாக இருந்தால் வந்திருக்கமாட்டேன்” என்று சொல்லிக்கொண்டே எழுத்துக் கூட்டிக் கையெழுத்திட்டார்.

தீர்ப்பு என்னவாகும் என்று எங்களுக்குத் தெரியாது. காலதாமதம் ஆகலாம், தோற்கவும் கூடும். ஆயினும் அன்புள்ள வாசகக் குடும்பங்களே, ஒரு வேண்டுகோள். பொருள் வாங்கிய சீட்டைப் பத்திரமாக வையுங்கள். பழுது நேர்ந்தால் விதியை நொந்துகொள்ளும் முன்பு அண்டை வீட்டாரைக் கேளுங்கள். உங்களுக்கு மட்டும் நீதி கிடைக்கும்போது, கிடைக்காதவர் யார் என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். பிறருக்காக நீதி கேட்பதும் பிறரன்பே.